தாத்தாவின் ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தாத்தா 1920களின் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவருடைய ஊரைத் தேடி இரண்டு முறை தமிழ்நாட்டுக்குப் போனேன். முதல் முறை தவறான ஊரில் மூன்று நாள் அலைந்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை அவருடைய தம்பி பேரன்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினேன். அன்றிலிருந்து கல்யாண வீடுகளிலும் கோயிலிலும் பலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதிவைக்கிறேன். மலேசியாவிலிருந்து போகிறவர்களை நினைத்துத்தான் எழுதியிருக்கிறேன். மற்ற நாட்டுக்காரர்களுக்குக் கப்பல் பட்டியல் பற்றிய பதிலில் கொஞ்சம் இருக்கிறது.

எனக்குத் தாத்தா பேரைத் தவிர ஒன்றுமே தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

வீட்டிலிருந்துதான். டிக்கெட் எடுப்பதற்கு முன் ஆறு மாதமாவது வீட்டு வேலை இருக்கிறது. குடும்பத்தில் உயிரோடு இருக்கும் மூத்தவர்களைப் போய்ப் பாருங்கள். ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம் நினைவிருக்கும். யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், எந்தச் சாவுக்கு எங்கிருந்து தந்தி வந்தது என்பதெல்லாம் பாட்டிமார்களும் பெரிய அத்தைகளும் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது.

“நம்ம சொந்த ஊர் எது?” என்று நேரே கேட்டால் பல பேர் “தெரியலையேப்பா” என்று முடித்துவிடுவார்கள். சுற்றி வளைத்துக் கேளுங்கள். தாத்தா எந்த ஆற்றைப் பற்றிப் பேசுவார்? சந்தைக்கு எங்கே போவார்களாம்? கப்பலுக்குப் புறப்பட்டபோது எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினார்? ஊரில் நெல்லா, கம்பா, கடலையா? ஒவ்வொரு பதிலும் தேடும் இடத்தைச் சுருக்கிக்கொண்டே வரும். பேச்சைக் கைபேசியில் பதிவுசெய்து வையுங்கள். முதலில் கேட்கும்போது பொருள் புரியாத ஒரு சொல், ஊருக்குப் போய் நின்றதும் புரியும்.

வீட்டில் என்னென்ன காகிதம் தேட வேண்டும்?

பழைய கடிதங்களை முதலில் தேடுங்கள். நீல நிற வான்கடிதம் ஒன்று கிடைத்தாலும் போதும். அனுப்புநர் முகவரியில் கிராமம், அஞ்சல், “வழி” என்று பக்கத்துப் பெரிய ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் வரிசையாக இருக்கும். அரசாங்கக் காகிதத்தில் கூட இவ்வளவு விவரம் கிடைக்காது. மணியார்டர் ரசீதும் அப்படித்தான்.

அடுத்தது கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு. மொய் நோட்டைச் செல்லரித்த பழைய கணக்கு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மொய் எழுதுகிறவர்கள் ஊர்ப் பெயரோடு சேர்த்துத்தான் பெயரை எழுதுவார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் நடந்த ஒரு கல்யாணத்துக்கு வந்த சொந்தம் முழுவதும், ஊர்வாரியாக உங்கள் கையில் இருக்கும்.

பழைய கடப்பிதழ், பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, குடியுரிமைத் தாள்கள் இவற்றையும் எடுத்து வையுங்கள். இவற்றில் ஊர் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். பல தாள்களில் பிறந்த இடம் “இந்தியா” அல்லது “மெட்ராஸ்” என்று மட்டும் இருக்கும். மெட்ராஸ் என்று இருந்தால் சென்னை நகரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு அந்த மாகாணம் முழுவதற்குமே அதுதான் பெயர்.

“திருச்சி பக்கம்” என்று அப்பா சொல்வார். அது போதாதா?

போதாது. தாத்தா கப்பலேறிய காலத்தில் திருச்சிராப்பள்ளி ஜில்லா மிகப் பெரியது. இன்றைய கரூர், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அதிலிருந்து பிரிந்தவைதான். தஞ்சாவூர் என்றால் இன்று நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்னாற்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. வடஆற்காடு என்றால் வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர். சேலம் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் வரைக்கும் போகலாம். இப்போது மாநிலத்தில் 38 மாவட்டங்கள் இருக்கின்றன.

அதனால் தாலுகாவைக் கண்டுபிடிப்பதுதான் முதல் குறி. முசிறி, துறையூர், ஆத்தூர், லால்குடி மாதிரி ஒரு பெயர் யார் வாயிலிருந்தாவது வந்தால் பாதி வேலை முடிந்தது.

ஊர் பேர் தெரியும் அக்கா. ஆனால் கூகுளில் போட்டால் அதே பேரில் பத்து ஊர் வருதே?

நான் முதல் முறை ஏமாந்தது இங்கேதான். பட்டி என்று முடியும் ஒரு பெயரை வைத்துக்கொண்டு, வரைபடத்தில் முதலில் வந்த ஊருக்கே போய் நின்றேன். புத்தூர், நல்லூர், மேலூர் போன்ற பெயர்கள் எத்தனையோ மாவட்டங்களில் உண்டு. அதோடு கீழ, மேல, வட, தென், சின்ன, பெரிய என்ற முன்சொல்லைப் பேச்சில் விட்டுவிடுவார்கள். “மேட்டுப்பட்டி” என்று தாத்தா சொன்னது உண்மையில் கீழ மேட்டுப்பட்டியாக இருக்கலாம்.

ஊர்ப் பெயரின் கடைசிப் பகுதி கொஞ்சம் வழிகாட்டும். பாக்கம் என்றால் பெரும்பாலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம். வலசு என்றால் ஈரோடு பக்கம். ஏந்தல் என்றால் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் அதிகம். பட்டி என்றால் மதுரை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை. இதற்கெல்லாம் விலக்கு உண்டு, ஆனால் எதை முதலில் பார்ப்பது என்று முடிவுசெய்ய உதவும்.

இன்னொன்று. தாத்தா சொன்ன ஊர் தனி வருவாய்க் கிராமமாக இல்லாமல், இருபது வீடு உள்ள ஒரு குக்கிராமமாக இருக்கலாம். அப்போது அரசுப் பதிவுகளில் அது வேறொரு தாய்க் கிராமத்தின் பெயரில் ஒளிந்திருக்கும். இரண்டு பெயரையும் தெரிந்துகொண்டு போங்கள்.

குலதெய்வம் தெரிந்தால் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே, உண்மையா?

என் அனுபவத்தில் உண்மை. ஊர்ப் பெயர் மறந்துபோன குடும்பத்தில்கூடக் குலதெய்வத்தின் பெயர் நிற்கும். குழந்தைக்கு முதல் முடி எடுக்கும்போதும், கல்யாணத்துக்கு முன் காசு முடிந்து வைக்கும்போதும் அந்தப் பெயரைச் சொல்லித்தானே செய்கிறோம்? ஆனால் “கருப்பர்” என்றோ “அங்காளம்மன்” என்றோ மட்டும் தெரிந்தால் போதாது. எந்த ஊர்க் கருப்பர், கூட நிற்கும் தெய்வங்கள் யார், கெடா வெட்டா சைவப் படையலா, திருவிழா சிவராத்திரிக்கா பங்குனி உத்திரத்துக்கா என்று கேளுங்கள். தோட்டத்துக் கோயில் எப்படி வந்தது என்றும் விசாரியுங்கள். ஊர்க் கோயிலில் பிடிமண் எடுத்துவந்து இங்கே வைத்துக் கட்டிய கோயில்கள் உண்டு.

குலதெய்வம் அப்பா வழியில் வருவது. கல்யாணமான பெண் கணவர் வீட்டுத் தெய்வத்தைக் கும்பிடுவார். ஆகவே அம்மாவைப் பெற்ற தாத்தாவின் ஊரைத் தேடுகிறவர்கள், தாய்மாமன் வீட்டில் கேட்க வேண்டும்.

கோயில் இருக்கும் ஊரும் தாத்தா வாழ்ந்த ஊரும் வேறு வேறாக இருக்கலாம். முன்னோர்கள் பிழைப்புக்காக இடம் மாறியிருப்பார்கள், தெய்வம் பழைய இடத்திலேயே இருக்கும். அதனால் நஷ்டமில்லை. அங்கே பூசாரியிடமோ கோயில் பொறுப்பாளரிடமோ தலைக்கட்டு (குடும்பம்) வாரியாக வரி எழுதிய நோட்டு இருக்கும். எந்தெந்த ஊரில் எத்தனை தலைக்கட்டு, யார் யார் வரி கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். ஒரே தெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பங்காளிகள். அந்த நோட்டில் வரும் ஊர்களை வரிசையாகப் போய்ப் பார்த்தால் போதும். என் தாத்தாவின் ஊர் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்குக் குலதெய்வம் இல்லையே?

உங்களுக்கு எழுத்துச் சான்று இன்னும் நன்றாகக் கிடைக்கலாம். பழைய பங்குகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடு வைத்திருப்பார்கள். இங்குள்ள தேவாலயத்தில் தாத்தாவின் திருமணப் பதிவைப் பாருங்கள், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பெயர் அதில் இருக்க வாய்ப்பு உண்டு. போவதற்கு முன் பங்குத்தந்தைக்குக் கடிதம் எழுதுங்கள். முஸ்லிம் குடும்பங்கள் அந்த ஊர் ஜமாஅத்தில் விசாரிப்பது நல்லது. நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது கோயில்களில் தங்கள் கோயில் எது என்று தெரிந்துகொண்டால் போதும், அங்கே புள்ளிக் கணக்கு, அதாவது குடும்பவாரியான கணக்கு, இருக்கிறது.

கப்பல் பட்டியலில் தாத்தா பேர் இருக்குமா?

எந்த நாட்டுக்கு, எந்த முறையில் போனார் என்பதைப் பொறுத்தது. ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்குப் பதிவு நன்றாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களுடைய கப்பல் பட்டியல்களில் பெயர், வயது, ஊர் விவரங்கள் உண்டு. மொரீஷியஸின் குடியேற்றப் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பிஜிக்கு 1903 முதல் தென்னிந்தியர்கள் போனார்கள். அவர்களுடைய குடியேற்றச் சீட்டில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் வரை எழுதியிருக்கிறார்கள்.

மலாயாவுக்கு ஒப்பந்த முறை 1910-ல் நின்றது. அதன் பிறகு 1938 வரை வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி மூலம் வந்தவர்கள். அவர்கள் விஷயத்தில் அந்த அளவுக்குப் பதிவை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கங்காணி முறையில் ஒரு நன்மை இருக்கிறது. கங்காணி தன் சொந்த ஊருக்கும் சுற்று ஊர்களுக்கும் போய்த்தான் ஆள் சேர்ப்பார். ஆகவே தாத்தாவோடு அதே தோட்டத்தில் இருந்த குடும்பங்களைத் தேடிப் பிடியுங்கள். அவர்களில் யாராவது ஊரோடு தொடர்பை விடாமல் வைத்திருந்தால், உங்கள் ஊரும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் தேடலாமா?

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அருமையான இடம். ஆனால் அங்கே இருப்பதில் பெரும்பகுதி அரசாங்க ஆணைகளும் கடிதப் போக்குவரத்தும். ஒரு தனி மனிதரின் பெயரைத் தேடுகிறவருக்கு ஒரு வாரம் அங்கே கரைந்துவிடும். அனுமதியும் முன்கூட்டியே கேட்க வேண்டும். பத்து நாள் பயணத்தில் போகிறவர்கள் அந்த நாட்களை ஊருக்கு ஒதுக்குவதே மேல் என்பது என் கருத்து.

அதற்குப் பதிலாக, வீட்டிலிருந்தபடியே வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பாகம் பாகமாகத் தமிழில் இருக்கிறது. பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், வயது, வீட்டு எண் கிடைக்கும். உங்கள் குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் அங்கே ஒரே தெருவில் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

விசா போதுமா, ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை எடுக்க வேண்டுமா?

ஊர் தேடிப் போக சுற்றுலா மின்விசா போதும். இந்திய அரசின் அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. ஓசிஐ அட்டை கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்திக்கும் கிடைக்கலாம். ஆனால் முன்னோர் இந்தியர் என்பதற்கும், அவரிடமிருந்து உங்கள் வரை வரும் உறவுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தாள் காட்ட வேண்டும். இரண்டாவது கேள்வியில் சொன்ன காகிதங்கள் இதற்கும் உதவும்.

எந்த மாதம் போவது நல்லது? எத்தனை நாள் வேண்டும்?

ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, ஏப்ரலுக்கு மேல் வெயில் தாங்காது. உங்கள் குலதெய்வத்துக்குச் சிவராத்திரிதான் திருவிழா என்றால் கட்டாயம் அப்போது போங்கள். வெளியூரில் பிழைக்கும் பங்காளிகள் எல்லாரும் அன்றைக்கு வந்து சேர்வார்கள், பத்து ஊருக்கு அலைய வேண்டிய வேலை ஒரே இரவில் முடியும். பொங்கல் வாரத்தில் மனிதர்களைப் பார்க்கலாம், அரசு அலுவலகங்களை நம்ப முடியாது.

பத்து நாளாவது வையுங்கள். அதில் முதல் ஐந்து நாளுக்குள் ஊருக்குப் போய்விடுங்கள். ஊருக்குள் இரண்டாம் முறை போகும்போதுதான் விஷயம் வெளியே வரும். முதல் நாள் உங்களை வேடிக்கை பார்த்தவர்கள் இரவெல்லாம் யோசித்து, “அந்தக் கிழவியைக் கேட்டா தெரியும்” என்று மறுநாள் சொல்வார்கள்.

ஊருக்குள் போனதும் யாரைப் பார்ப்பது?

கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். மரியாதைக்காகப் பாருங்கள். ஆனால் அவர் பெரும்பாலும் வெளியூர்க்காரராக இருப்பார். ஊரின் கதை தெரிந்த கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியக்காரர் (கிராமத் தலைவர்) பதவிகள் 1980-லேயே போய்விட்டன. அந்தப் பழைய கர்ணம் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பாருங்கள். தபால்காரர், டீக்கடை, கோயில் பூசாரி, எண்பது வயதைத் தாண்டியவர்கள், இந்த வரிசையில் போகலாம்.

கேட்கும் கேள்வியும் முக்கியம். “எங்க தாத்தா பேர் இன்னது, தெரியுமா?” என்றால் யாருக்கும் தெரியாது. போய்த் தொண்ணூறு வருடமாகிவிட்டது. “இந்த ஊர்ல மலேயாக்காரர் வீடுன்னு ஏதாவது இருக்கா, பினாங்குக்காரர் வீடு இருக்கா?” என்று கேளுங்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாமல், வேலை அனுமதி கிடைக்காமல் இங்கிருந்து திரும்பிப் போன குடும்பங்கள் பல. அந்தப் பட்டப்பெயர் வீட்டுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர்களுக்குத் தோட்டங்களின் பெயர் தெரியும், யார் யாரோடு போனார்கள் என்பதும் தெரியும்.

சாதி கேட்பார்களே, என்ன சொல்வது?

கேட்பார்கள். “நீங்க எந்தத் தெரு?” என்று சுற்றிக் கேட்டாலும் அதுதான் கேள்வி. சொல்ல விருப்பமில்லை என்றால், “தாத்தா பேரும் குலதெய்வமும் தெரியும், அதை வைத்துத்தான் தேடுகிறோம்” என்று சொல்லலாம். அதிலேயே அவர்கள் புரிந்துகொண்டு உரிய தெருவைக் காட்டுவார்கள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கப்பலேறியவர்களில் ஏராளமானோர் நிலமில்லாதவர்கள், ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஊர்த் தெருவில் மட்டும் விசாரித்துவிட்டு “யாருக்கும் தெரியவில்லை” என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். அந்தச் சேரிப் பக்கம், இன்று காலனி என்கிறார்களே, அங்கே போய்க் கேளுங்கள். அங்கே தாத்தாவின் பெயரை இன்னும் வைத்திருப்பவர் இருக்கலாம். அந்தத் தெருவில் போய் நின்று, “நான் இன்னாருடைய பேத்தி” என்று சொல்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. அவர் கப்பலேறியதற்கு எத்தனை காரணம் இருந்தது என்பதை அந்த மண்ணில் நின்றால்தான் உணர முடியும்.

சொத்தில் பங்கு கேட்க வந்ததாக நினைத்துவிட்டால்?

நினைப்பார்கள், அது இயற்கை. ஐம்பது வருடமாக எட்டிப் பார்க்காத வெளிநாட்டுச் சொந்தம் திடீரென்று வந்து கொள்ளுத்தாத்தா பேரைக் கேட்டால் யாருக்கும் அந்தச் சந்தேகம்தான் வரும். முதல் நாளே, காபி குடிக்கும் முன்பே, “எங்களுக்குச் சொத்து எதுவும் வேண்டாம், ஊரைப் பார்க்க வந்தோம், சொந்தத்தைத் தெரிஞ்சுக்க வந்தோம்” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தாலுகா அலுவலகத்தில் பட்டா கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். நீங்கள் வாசலை மிதிக்கும் முன் அந்தச் செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

முதல் சந்திப்பில் பணத்தைக் கட்டாகக் கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட், பெரியவர்களுக்கு வேட்டி, சேலை, தாத்தாவின் புகைப்படப் பிரதி ஒன்று, போதும். செய்ய நினைத்தால் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதுங்கள். அது அவர்களுக்கும் கௌரவமாக இருக்கும், நாளைக்கு ஒரு நோட்டில் உங்கள் பெயரும் ஊரோடு நிற்கும்.

உண்மையிலேயே தாத்தா பேரில் நிலம் இருந்தால்?

பட்டா, சிட்டா விவரங்களை மாநில அரசின் “எங்கிருந்தும் எந்நேரமும்” தளத்தில் பார்க்கலாம். ஆனால் தாத்தா போன பிறகு நில உடைமைப் பதிவுகள் புதுப்பிக்கப்பட்டு, அனுபவத்தில் வைத்திருப்பவர்களின் பெயருக்குப் பெரும்பாலும் மாறியிருக்கும். வெளிநாட்டுக் குடிமக்கள், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. உரிமை கோருவதாக இருந்தால் அது வக்கீலோடு தனியாகச் செய்யும் வேலை. ஊர் தேடும் பயணத்தோடு அதைக் கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

கிடைத்த சொந்தம் நம்ம சொந்தம்தான் என்று எப்படி உறுதி செய்வது? டிஎன்ஏ சோதனை செய்யலாமா?

பெயர்களைப் பாருங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம், “பேரன்” என்ற சொல்லே அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆகவே ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். உங்கள் தாத்தாவின் தாத்தா பெயரும் அதுவாகவே இருக்கலாம். இதனால் இரண்டு பேரை ஒருவராக நினைத்துவிடும் ஆபத்து உண்டு, வயதைக் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். பெயர், குலதெய்வம், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், எந்த ஆண்டு வாக்கில் போனார், இவற்றில் மூன்று விஷயங்களாவது பொருந்த வேண்டும். விடையை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அவர்களைச் சொல்ல விடுங்கள்.

டிஎன்ஏ சோதனையை நான் அவ்வளவாக நம்பச் சொல்ல மாட்டேன். மாமன் மகள், அத்தை மகன் என்று பல தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டியவர்கள் நாம். தூரத்துச் சொந்தம்கூடச் சோதனையில் நெருங்கிய சொந்தம் போலத் தெரியும். ஊரில் இருப்பவர்களில் அந்தச் சோதனை செய்தவர்களும் மிகக் குறைவு.

தாத்தாவுக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது தெரிய வந்தால் என்ன செய்வது?

இதைக் கேட்கும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பங்கள் பல உண்டு. இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். 1942-ல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் கடிதமும் பணமும் நின்றுபோயின. 1945 வரை இங்கே இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்றே அங்கே தெரியாது. சயாம் மரண ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய் அங்கேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அதற்குள் இரண்டு பக்கமும் வாழ்க்கை வேறு திசையில் போய்விட்டது.

அங்கே போய் அவருக்காக வாதாடாதீர்கள், அவரைப் பழிக்கவும் வேண்டாம். அந்தப் பாட்டி எப்படி வாழ்ந்தார், பிள்ளைகளை எப்படி ஆளாக்கினார் என்று கேளுங்கள். அதைச் சொல்ல அவர்களுக்கு இத்தனை வருடமாக ஓர் ஆள் கிடைக்கவில்லை. படம் இருந்தால் வாங்கிப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுக் குடும்ப மரத்தில் அவருக்கும் ஓர் இடம் கொடுங்கள். திரும்பி வந்து வயதான அப்பாவிடமோ அத்தையிடமோ இதை எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவசரமில்லாமல் யோசித்துச் செய்யுங்கள். அங்கிருந்தே காணொலி அழைப்பில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காட்டிவிடாதீர்கள்.

இவ்வளவு செலவு செய்து போய் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்?

ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒரு தாளை விட்டுவிட்டு வாருங்கள். தமிழில், பெரிய எழுத்தில், தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர், குலதெய்வம், மலாயாவுக்குப் போன ஆண்டு, தோட்டத்தின் பெயர், உங்கள் வாட்ஸ்அப் எண், கீழே தாத்தாவின் படம். எண்ணுக்கு முன் 60 என்ற நாட்டு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். பத்துப் பிரதி எடுத்து டீக்கடை, ரேஷன் கடை, தபால்காரர், பூசாரி என்று கொடுங்கள்.

முதல் முறை தவறான ஊரில் நான் விட்டுவந்த தாள்களில் ஒன்றை, அங்கே பெண் எடுத்திருந்த ஒருவர் தன் ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார். எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் அழைப்பு வந்தது. “படத்தில இருக்கிறவர் எங்க பெரிய தாத்தா மாதிரி இருக்கார், ஆனா எங்களுக்குத் தெரிஞ்ச குலதெய்வத்துக்கு வேற பேரு” என்றார் பேசியவர். அவர் சொன்ன அந்தத் தெய்வத்தின் கோயிலைத் தேடித்தான் இரண்டாம் முறை போனேன்.